கூடத்துக் குளமும் சிறுவாணித் தண்ணீரும்

என் மகள் கணவன் வீட்டை விட்டுத் திரும்பி வந்தபோது நகை, பாத்திரம், சீர் சாமான் எதையும் கொண்டு வரவில்லை. இரண்டு பெட்டி நிறையத் துணியும் நான்கு பிளாஸ்டிக் டிரம் நிறைய மீனும்தான் கொண்டு வந்தாள். பெங்களூரில் ஒரு சரக்கு வேனைப் பிடித்து, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, மணிக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி டிரம் மூடியைத் திறந்து பார்த்தபடியே வந்திருக்கிறாள். மருதமலை ரோட்டில் எங்கள் வீட்டு வாசலில் வேன் நின்றதும் நான் ஓடிப்போய்ப் பெட்டியில் கை வைத்தேன். “அது கெடக்கட்டுங்ப்பா, மொதல்ல டிரம்ம எறக்கோணும், ஒரு கை புடிங்க” என்றாள். நாலு வருஷம் குடித்தனம் செய்துவிட்டு வந்தவள் வாசலில் சொன்ன முதல் வார்த்தை அது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் முன்னால் ஓடி வரும், யோசனை பின்னால் நடந்து வரும். முப்பது வருஷம் மோட்டார் பம்ப் பட்டறை நடத்தியதில் வந்த பழக்கம் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். பிறவிக் குணம் என்று என் மனைவி சொல்வாள். மகள் வந்து இறங்கியதும் அழுவாள், தலையைத் தடவி “நானிருக்கறேன் கண்ணு” என்று சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அதைச் சொல்ல இடமே இல்லாமல் போய்விட்டது. டிரம்மின் ஒரு பக்கத்தை நானும் மறுபக்கத்தை அவளுமாகப் பிடித்து, தண்ணீர் அலம்பி என் வேட்டியெல்லாம் நனைய, கார் ஷெட்டில் கொண்டுபோய் வைத்தோம்.

எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. அவிநாசியில் இருக்கும் என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், கொண்டு வந்த சம்பந்தம் அது. பெங்களூரில் சொந்தத் தொழில், நம் பக்கத்து ஆட்கள், நல்ல குடும்பம். பெண் பார்த்துவிட்டுப் போன இருபதாம் நாள் நிச்சயம் செய்தோம். அவள் ஆறு மாதம் டைம் கேட்டாள். நல்ல இடம் கை நழுவிப் போய்விடும் என்று நான்தான் விடவில்லை. அங்கே என்ன நடந்தது என்று அவள் விவரமாகச் சொன்னதில்லை. அடி உதை என்று எதுவும் கிடையாது. “அந்த ஊட்டுல நான் இருக்கறதே அவருக்குத் தெரியலீங்ப்பா” என்று ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான். அவள் வந்த பிறகு எனக்கு இருந்தது ஒரே ஆசை. இனி அவள் இங்கேயே இருக்க வேண்டும், இது தன் வீடு என்று அவளுக்குத் தோன்ற வேண்டும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

மீன்களைப் பற்றிச் சொல்கிறேன். ஆஸ்கர் என்று நாலு, உள்ளங்கை அகலத்தில் கருப்பும் ஆரஞ்சுமாக, முறைத்துப் பார்க்கும் ஜாதி. வெள்ளித் தட்டு மாதிரி பன்னிரண்டு. எல்லாவற்றுக்கும் பெரியதாக ஒரு கௌராமி. கட்டை விரல் அளவில் அவள் வேலைக்குப் போன முதல் வருஷம் வாங்கியதாம், இப்போது முழங்கை நீளம். நெற்றி புடைத்து, உதடு தடித்து, கல்யாண வீட்டில் பந்தி தாமதமானால் உட்கார்ந்திருக்கும் பெரியவர் முகம் அதற்கு. மகள் விரலைத் தண்ணீரில் வைத்தால் வந்து உதட்டால் தொடும். நான் வைத்தால் திரும்பிக்கொள்ளும். ஒரு மீன் என்னை அவமதிப்பதை நான் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

மகள் கேட்டது சின்னத் தொட்டிதான். வீட்டுக்குப் பின்புறம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஆறுக்கு நாலு அடியில் ஒரு சிமெண்ட் தொட்டி, மேலே ஒரு ஷீட் கூரை. ஒரு நோட்டுத் தாளில் படம்கூடப் போட்டு வைத்திருந்தாள். நான் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் மடித்து வைத்தேன். “என்ர பொண்ணு மீனு கொல்லப்பக்கம் எதுக்கு இருக்கோணும்? ஊட்டு நடுவுல இருக்கட்டும்” என்றேன்.

எங்கள் கூடம் மிகப் பெரியது. ஒறம்பரை என்று சொந்தபந்தம் வந்தால் நாற்பது பேர் உட்கார வேண்டும் என்று வீடு கட்டும்போதே இழுத்துப் பெரிதாகக் கட்டினேன். அவள் நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு அங்கே நாற்பது பேர் உட்காரவே இல்லை. அதன் நடுவே டைல்ஸைப் பெயர்த்து, பதினாலு அடி நீளம், எட்டு அடி அகலத்தில் குளம் கட்டுவதென்று முடிவு செய்தேன். பாதி ஆழம் தரைக்குக் கீழே, பாதி மேலே. சோபாவைப் பார்த்த பக்கம் முழுவதும் தடிமனான கண்ணாடி. பதினாலாயிரம் லிட்டர் தண்ணீர் பிடிக்கும். “இவ்வளவு எதுக்குங்ப்பா” என்றாள் மகள். “இருக்கட்டும் அம்மணி” என்றேன். இத்தனை பெரிய குளத்தைத் தூக்கிக்கொண்டு எந்தப் பெண்ணும் வேறு வீட்டுக்குப் போக முடியாது என்பதுதான் என் மனசில் இருந்தது. அதை வெளியில் சொல்லவில்லை.

இரண்டு மாதம் வீடு முழுக்க சிமெண்ட் தூசி. என் மனைவிக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே பலகை போட்டு நடந்தாள். கொத்தனாரிடம் நான் போட்ட சத்தம் தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும். மகள் ஓரமாக நின்று ஏதாவது சொல்வாள். மூலை உருண்டையாக இருந்தால் அழுக்குத் தங்காது, ஒரு பக்கம் ஆழம் குறைவாக இருந்தால் செடி வைக்கலாம், அதன் விளிம்பில் நான் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்பாள். அவளுக்குக் கம்ப்யூட்டரில் வேலை, எங்கே உட்கார்ந்தும் செய்யலாம். நான் கொத்தனாரிடம், “மூலை நேராவே வரட்டும், ஆழம் ஒரே மட்டமா இருக்கட்டும்” என்பேன். விளிம்பு மட்டும் அவள் கேட்டபடி அகலமாக வைத்தேன். அதுகூட என் மனைவி கெஞ்சிக் கேட்டதால்.

பம்ப் விஷயத்தில் எனக்கு யார் சொல்ல முடியும்? ஃபில்டர் டிரம்களுக்குத் தண்ணீரைத் தள்ள என் பட்டறையிலேயே செய்த ஒரு குதிரைத் திறன் மோனோபிளாக் பம்ப்பைக் கொண்டு வந்து மாட்டினேன். ஒத்திகைக்காக நாலு வெள்ளித் தட்டு மீன்களை ஐந்தே நிமிஷத்துக்கு என்று விட்டு, சுவிட்சைப் போட்டேன். மீன்கள் நாலும் எதிர் நீச்சல் அடிக்க முடியாமல் பின்பக்கமாகவே போய்க் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன. மகள் அதைப் பார்த்துச் சிரித்தாள். குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். “இது தென்னந்தோப்புக்குப் பாயற தண்ணிங்ப்பா!” வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றுதான். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய் அழுதாள். மறுநாள் சின்ன பம்ப் வாங்கி மாட்டினோம். என் பம்ப் தோற்றதற்காக நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

சிமெண்ட் காரம் போக வேண்டும் என்று வாழைத்தண்டை வெட்டிப் போட்டுத் தண்ணீர் நிரப்பினாள். பத்து நாள் கழித்து வடித்தாள். மறுபடி தண்டு, மறுபடி தண்ணீர். மூன்று தடவை. எனக்குப் பொறுமை கிடையாது என்பதை ஏற்கெனவே சொன்னேன். “இன்னும் எத்தன நாளைக்குத்தான் ஊறப் போடுவ” என்று தினமும் கேட்பேன். “மீனுகளுக்குப் புடிக்கற வரைக்குமுங்ப்பா” என்பாள்.

பிறகுதான் தண்ணீர்ப் பேச்சு வந்தது. கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. குடிக்கவும் சமைக்கவும் மலை அணையிலிருந்து குழாயில் வரும் சிறுவாணி. அதுதான் நல்ல தண்ணீர். குளிக்க, துவைக்க, கழுவ எல்லாம் போர் தண்ணீர். அது உப்புத் தண்ணீர். பக்கெட்டில் வெள்ளையாகப் படிந்து, குழாயை அடைத்து, தலைமுடியைக் கொட்ட வைக்கும் தண்ணீர். வெளியூருக்குப் போனால் முதல் வாய் தண்ணீர் குடித்ததுமே முகம் சுளிப்பவர்கள் நாங்கள். சிறுவாணி உலகத்திலேயே இரண்டாவது ருசியான தண்ணீர் என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வருகிறோம். முதலாவது எந்தத் தண்ணீர் என்று எவனும் கேட்டதில்லை, கேட்டாலும் எங்களுக்குத் தெரியாது.

மகள் குளத்துக்குப் போர் தண்ணீர் போதும் என்றாள். பெங்களூரிலும் இவை இப்படிப்பட்ட தண்ணீரில்தான் வளர்ந்தன, இதுதான் பழக்கம் என்றாள்.

“வந்த விருந்தாளிக்கு உப்புத் தண்ணி குடுக்கற ஊடா அம்மணி இது?”

“அதுக குடிக்கறதில்லீங்ப்பா, அதுக்குள்ள இருக்குதுக. சிறுவாணியில குளோரின் மருந்து போட்டு உடறாங்க, அது மீனுக்கு ஆகாது. மாத்தறதா இருந்தாலும் ரெண்டு நாள் பிடிச்சு வெச்சு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் சேக்கோணும்.”

அரை மனதாக விட்டுக் கொடுத்தேன். போர் தண்ணீர் நிரப்பினாள். மீன்களை விட்ட அன்று டிரம்முக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, குளத்துத் தண்ணீரை ஒரு டம்ளர் டிரம்மில் ஊற்றுவாள், சும்மா உட்கார்ந்திருப்பாள், இன்னொரு டம்ளர் ஊற்றுவாள். ஒரே ஊரின் போர் தண்ணீர்தானே, அப்படியே கவிழ்த்து விட வேண்டியதுதானே என்று நான் இரண்டு தடவை போய்க் கேட்டேன். அவள் அடுத்த டம்ளரை எடுத்தாள். காலையில் ஆரம்பித்தவள் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்தாள். அதற்கு முன்னால் டிரம்மைக் குளத்துக்குள் சாய்த்துப் பிடித்தபோது கௌராமி தானாகவே உள்ளே போய்விட்டிருந்தது.

அடுத்த நாலு மாதம் எங்கள் வீடு நன்றாக இருந்தது. மகள் காலையில் குளித்துவிட்டு விளிம்பில் உட்கார்ந்து மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொள்வாள். நடுநடுவே கௌராமிக்குக் கீரை கிள்ளிப் போடுவாள். அதற்கு அகத்திக்கீரை பிடிக்கும், முருங்கை பிடிக்காது. காய்ந்த பாதாம் இலைகளைத் தண்ணீரில் போட்டு வைத்தாள். மீனுக்கு நோய் வராதாம். தண்ணீர் பால் சேர்க்காத டீ நிறத்துக்கு வந்தது. என் மனைவி முழங்காலை நீட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து மீன்களிடம் பேசினாள். நான் சோபாவில் இருந்துகொண்டு மூன்று பேரையும் பார்ப்பேன், மூன்றாவது கௌராமி. இவள் இனி எங்கேயும் போக மாட்டாள் என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

தைரியம் வந்ததும் நான் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டேன். சோமனூரிலிருந்து சொந்தக்காரர்கள் யார் வந்தாலும், கணபதியிலிருந்து பழைய பட்டறை நண்பர்கள் வந்தாலும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். இத்தனை லிட்டர், இத்தனை கம்பி, கண்ணாடி இத்தனை தடிமன் என்பேன். “என்ர குளம்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். என் மனைவி பிற்பாடு சொல்லித்தான் எனக்கே தெரியும். ஆட்கள் வந்தால் மகள் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். அவர்கள் கண்ணாடியைத் தட்டுவார்கள், மாப்பிள்ளை எங்கே என்று கேட்பார்கள். அவள் தொந்தரவில்லாமல் வேலை பார்க்கப் போகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆடி மாதம் அவிநாசி மச்சான் வந்தார். குளத்தைச் சுற்றி வந்து, கண்ணாடியில் படிந்திருந்த வெள்ளை உப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“ஏனுங்க மாப்ளே, இத்தன செலவு பண்ணிப்போட்டு உப்புத் தண்ணியவா ஊத்தி வெச்சிருக்கீங்க? கலரும் ஒரு தினுசா இருக்குதுங்களே.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது நடு முதுகில் குத்தியது. தண்ணீர்த் தொழில் செய்து தலை நிமிர்ந்தவன் வீட்டு நடுக்கூடத்தில் உப்புத் தண்ணீர், அதுவும் இலை ஊறிய தண்ணீர். அவர் போன பிறகும் அந்த வெள்ளைக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே வாரத்தில்தான் மகளுக்குக் கோர்ட் தேதி வந்தது. இரு தரப்பும் சம்மதித்துப் பிரிவதற்கான கடைசிக் கையெழுத்து. வெள்ளிக்கிழமை பெங்களூரில் இருக்க வேண்டும். வியாழக்கிழமை ரயில், சனிக்கிழமை காலை திரும்பி வந்துவிடலாம். டிக்கெட் போடுவதற்கு முன்னால் என்னிடம் வந்தாள். விளிம்பில் உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“நீங்களும் வாரீங்களாப்பா?”

இந்தக் கேள்வியை நான் எத்தனையோ தடவை திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அவள் கெஞ்சவில்லை, வற்புறுத்தவில்லை. கடைக்கு வருகிறீர்களா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். நான் சொன்ன பதில்: “அம்மாவுக்கும் முழங்கால் வலியோட எந்திரிக்க முடியறதில்ல. ரெண்டு நாள் மீன யாரு பாத்துக்கறது கண்ணு?”

மீன் இரண்டு நாள் தீனி இல்லாமலே இருக்கும். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். உண்மை என்னவென்றால், எனக்குப் பயம். கோர்ட் வராண்டாவில் சம்பந்தியை நேருக்கு நேர் பார்க்க வேண்டுமே என்ற பயம். நான் பார்த்து, நான் அவசரப்படுத்தி, நான் நடத்திய கல்யாணம் ஒரு கையெழுத்தில் முடிவதைப் பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு நெஞ்சில் தெம்பில்லை. அந்தச் சம்பந்தியை வீட்டில் உட்கார்ந்து திட்டுவது சுலபமாக இருந்தது. ஒரு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

“செரிங்ப்பா” என்றாள். ஒரு டிக்கெட் போட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் ஆட்டோ வந்ததும், “போயிட்டு வாரேனுங்க. பம்ப மட்டும் நிறுத்திப்போடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு வீட்டில் என்னால் சும்மா உட்கார முடியவில்லை. குற்றம் செய்தவனுக்குக் கை துறுதுறுக்கும்போல. மகள் திரும்பி வரும்போது குளம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அவள் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறாள், நல்ல தண்ணீரில் அவள் மீன்கள் பளபளவென்று நீந்துவதைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் லேசாகும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். மச்சான் சொன்னதும் உள்ளே இருந்தது, மறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நல்ல தண்ணீர் வந்தது. மலையில் மழை, சிறுவாணி நிறைந்திருந்த நேரம். எங்கள் தொட்டியும் நிறைந்தது, பக்கத்து வீட்டிலும் கேட்டு ஓஸ் குழாய் போட்டேன். குளத்துத் தண்ணீரை முழங்கால் அளவுக்கு வடித்தேன். பாதாம் இலைகளை அள்ளி எறிந்தேன். குளத்துக்குள் இறங்கிக் கண்ணாடியை எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். ஃபில்டர் டிரம்மில் இருந்த பஞ்சுகள் பழுப்பாகக் கொழகொழவென்று இருந்தன. அதையெல்லாம் பிடித்துப் பிழிந்து, புதிது மாதிரி வெளுக்கும்வரை நல்ல தண்ணீரில் அலசினேன். அந்தக் கொழகொழப்புதான் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் உயிர் என்று அவள் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். சொன்னபோது நான் தலையாட்டியிருக்கிறேன்.

“ஏனுங்க, அவ வரட்டுமே” என்று மனைவி இரண்டு தடவை சொன்னாள். “உனக்கென்ன தெரியும்” என்றேன்.

மத்தியானம் மூன்று மணிக்குத் தண்ணீர் திறந்தேன். மருந்து வாடை அடித்தது. மழைக் காலத்தில் கொஞ்சம் தூக்கலாகத்தான் அடிக்கும், அடித்தால்தான் சுத்தம் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. ஐந்து மணிக்குக் குளம் நிறைந்தது. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் தேதி தெரிந்தது. ஆஸ்கர்கள் மேலே வந்து துள்ளின. வெள்ளித் தட்டுகள் குறுக்கும் நெடுக்கும் பாய்ந்தன. நாலு மாதத்தில் அவை அப்படி ஆடி நான் பார்த்ததில்லை. “பாத்தியா, நல்ல தண்ணியக் கண்டதும் எப்புடிக் குதிக்குதுக பாரு” என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். போனில் வீடியோ எடுத்தேன். மகளுக்கு அனுப்பலாமா என்று யோசித்து, நேரில் பார்க்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

அவை மூச்சு முட்டித் தவித்துக்கொண்டிருந்தன. அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

சனிக்கிழமை விடிந்தபோது ஆஸ்கர் நாலும் வெள்ளித் தட்டு பன்னிரண்டும் மிதந்தன. கௌராமி மட்டும் மேல் மட்டத்தில் சாய்ந்து கிடந்து, நிமிஷத்துக்கு ஒரு தடவை வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. அந்த ஜாதிக்கு அப்படியும் மூச்சு விட முடியுமாம். நான் வலையைக் கையில் பிடித்துக்கொண்டு, எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் நின்றிருந்தபோது வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது.

மகள் செருப்போடு உள்ளே வந்தாள். குளத்தைப் பார்த்தாள். காலண்டர் தெரிகிற தண்ணீரைப் பார்த்தாள். பையைத் தரையில் வைத்துவிட்டு, நேராகப் பின்பக்கம் போய் டிரம்மில் போர் தண்ணீர் பிடித்தாள். பிறகு உடுத்தியிருந்த துணியோடு குளத்தில் இறங்கி, கௌராமியை இரண்டு கையிலும் ஏந்தி டிரம்முக்கு மாற்றினாள். சின்ன மோட்டார் வைத்துக் காற்று விட்டாள். எல்லாம் முடிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நானும் கத்தலாம், கத்தி முடித்தால் அழலாம்.

“என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்களேப்பா.”

அவ்வளவுதான். மீதியைச் சொன்னது என் மனைவி. “நீங்க எப்பத்தான் அவளக் கேட்டீங்க? கல்யாணத்துக்குக் கேட்டீங்களா? இந்தக் கொளத்துக்குக் கேட்டீங்களா? கூட வாங்கன்னு கூப்பிட்டாளே, அதுக்காச்சும் போனீங்களா?” முப்பத்தாறு வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அவள் கேட்ட ஒவ்வொன்றிலும் நான் நல்லதைத்தான் நினைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நான் நினைத்த நல்லதற்குள் இருந்து தவித்துப் பார்த்தவள் எதிரே ஈரத் துணியோடு நின்றாள்.

இரண்டு மாதத்தில் மேட்டுப்பாளையத்தில் ஒரு வாடகை வீடு பார்த்துக்கொண்டு போனாள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. வேலைக்கு அமைதியான இடம் வேண்டும், மலையடிவாரம் பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாள். கௌராமி பிழைத்துக்கொண்டது, ஒரு பக்கக் கண் மட்டும் மங்கிவிட்டது. அதே டிரம்மில் வைத்து, அதே மாதிரி ஒரு வேனில் கொண்டு போனாள். இந்தத் தடவை டிரம்மைப் பிடிக்க என்னைக் கூப்பிடவில்லை, டிரைவரைக் கூப்பிட்டுக்கொண்டாள். குளத்தை நான் வடித்துவிட்டேன். இடித்தால் கூடத்துத் தரை முழுக்க விண்டுவிடும் என்கிறார் கொத்தனார். சோபாவை வேறு பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்கிறோம்.

மனைவியோடு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவளைப் போய்ப் பார்த்திருக்கிறேன். தனியாகப் போனது போன மாதம்தான், அவள் போய் ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு. பஸ்ஸில் போனேன். வீட்டுக்குப் பின்னால் ஆறுக்கு நாலு அடியில் தொட்டி, மேலே ஷீட் கூரை. மூலைகள் உருண்டை, உள்ளே கௌராமி. நான் விரலை நீட்டாமல் தள்ளியே நின்றேன். டீ கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தாள். வழியெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு வந்ததைக் கேட்டேன்.

“அன்னிக்குக் கோர்ட்டுல எப்புடி இருந்துச்சு கண்ணு?”

அவள் கை நின்றது. என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மறுபடி கீரையை எடுத்தாள்.

“பத்து மணிக்கு வரச் சொல்லிப்போட்டு மத்தியானம் வரைக்கும் கூப்பிடலீங்ப்பா. வராண்டாவுல பெஞ்சுல உக்காந்திருந்தேன். எல்லாருக்கும் கூட யாராச்சும் வந்திருந்தாங்க. அப்பறம் அவரோட அப்பா எந்திரிச்சு வந்து எம்பக்கத்துல உக்காந்தாருங்க.”

“அந்த ஆளா? என்ன சொன்னான்?”

“‘அப்பா வரலீங்களா அம்மணி’ன்னாரு. மீனப் பாத்துக்கோணும்னு இருந்துட்டாருன்னேன். அதுக்கப்பறம் ஒண்ணும் கேக்கலீங்க. சாப்பிடக் கூட்டிட்டுப் போனாரு. எனக்கு எறங்கலை, தயிர் சோறாச்சும் சாப்பிடுன்னு கூடவே உக்காந்திருந்தாரு. கையெழுத்துப் போட்டதும் மகன ஊட்டுக்கு அனுப்பிச்சுப்போட்டு, என்னைய ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்து, ரயில் கெளம்பற வரைக்கும் ஜன்னலோரமாவே நின்னாருங்ப்பா.”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். ஒரு வருஷம் நான் வாய் ஓயாமல் திட்டிய மனிதர். அன்று மத்தியானத்தோடு அவருக்கும் என் மகளுக்கும் ஒரு உறவும் இல்லாமல் போனது. அதன் பிறகும் நின்றிருக்கிறார். வெட்கமாக இருந்தது. தாங்க முடியாத வெட்கம். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் அதைச் சரி செய்யப் பார்த்தேன்.

“அவரு நம்பர் இருக்குதா அம்மணி? நான் ஒரு வார்த்த பேசோணும். நன்றி சொல்லோணும்.”

“வேண்டாங்ப்பா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கீரைத் தண்டை ஒடித்துத் தனியே போட்டாள். “அது அவரு எனக்குச் செஞ்சதுங்க. நன்றி நான் அப்பவே சொல்லிட்டேன்.”

“செரி கண்ணு” என்றேன். கீரை முறத்தில் கை வைக்காமல், நானும் ஒரு கைப்பிடி எடுத்து ஆயட்டுமா என்று கேட்டேன்.